ஒரு வருடத்துக்கு ஏழு லிட்டர்

“எத்தன வருசத்துக்குப் பாக்கீங்க, அண்ணாச்சி?” என்று கடைக்காரர் கேட்டார்.

தவசிமுத்து பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தான். சேர்மக்கனி வரிசையாக வைத்திருந்த வெள்ளைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரருக்குச் சுடலைமணி என்று பெயர். முதலில் அவர் எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டார். மீன் வைக்கவா, ஐஸ்கிரீமா, கோழிக்கடைக்கா என்று. சேர்மக்கனி “மருந்து வைக்க” என்றதும் கையிலிருந்த விலைப்பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். அந்த மருந்துக்காக டீப் ஃப்ரீசர் வாங்க வருகிறவர்களிடம் எத்தனை லிட்டர் என்று கேட்கக் கூடாது, எத்தனை வருடம் என்றுதான் கேட்க வேண்டும் என்பது இந்த இரண்டு வருடத்தில் அவருக்குப் பழகியிருந்தது.

தவசிமுத்து தூத்துக்குடி துறைமுகத்தில் பதினாறு வருடமாக ரீஃபர் மெக்கானிக். கப்பலுக்குப் போகும் குளிர்ப்பெட்டி கண்டெய்னர்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இறாலும் கணவாயும் மைனஸ் பதினெட்டில் உறைந்து கிடக்கும் இருநூறு கண்டெய்னர்களுக்கு நடுவே நடந்துபோவான். கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே, எது இரண்டு நாளில் மக்கர் பண்ணும் என்று சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு ஒரு ஃப்ரீசர் தேர்ந்தெடுக்க முடியாமல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகக் கடை கடையாக அலைந்துகொண்டிருந்தான்.

அவர்களுடைய மகள் பூவிதாவுக்கு எட்டு வயது. போன வருடம் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். வெயில் என்றார்கள், சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றார்கள். அடுத்த மாதம் வீட்டுப் படியிலும் அதேபோல் மடங்கி உட்கார்ந்தாள். அதற்கடுத்த மாதம் பேனா கையிலிருந்து நழுவியது. திருநெல்வேலியில் இதற்கென்றே இருந்த சிகிச்சை மையத்தில் நாலு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து கடைசியில் மூச்சு இழுக்கும் தசையும் நின்றுவிடும் நோய் என்றார்கள். அங்கே பெற்றோரிடம் பேசுவதற்கென்று ஹெப்சிபா என்ற அம்மாள் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். எதையும் மெதுவாகச் சொல்லுவார்.

“பிள்ளையோட எலும்பு மஜ்ஜையில இருந்து நல்ல அணுக்களப் பிரிச்சு எடுப்போம். அத வளத்து மருந்தாக்குவோம். பத்து நாளைக்கு ஒரு பொட்டலம். அது போட்டா அவ மத்த பிள்ளைங்க மாதிரி நடப்பா, ஓடுவா.”

“எத்தன நாளைக்கு மேடம்?” என்று கேட்டான் தவசிமுத்து.

“மருந்து இருக்கிற வரைக்கும்.”

“தீந்துபோச்சுன்னா திரும்ப எடுப்பீங்களா?”

“முடியாது சார். பத்து வயசுக்குள்ள ஒரே ஒரு தடவைதான் எடுக்கலாம். அதுக்கப்புறம் மஜ்ஜையிலயும் நோய் ஏறிரும். அதனால ஆயுசுக்கும் வேண்டியத ஒரே தடவையா வளத்துக் குடுத்துருவோம். மைனஸ் முப்பதுல இருந்தா எத்தன வருசமானாலும் கெடாது.”

“நீங்க வச்சிருந்து மாசாமாசம் குடுப்பீங்களா?” என்றாள் சேர்மக்கனி.

“நீங்கதான்மா வச்சுக்கணும். வீட்டுல.”

முன்பு இந்த மருந்தையெல்லாம் ஒரு பொதுக் குளிர்க்கிடங்கில் வைத்திருந்தார்கள். ஒரு மே மாதம் கிடங்கு நின்றுபோனது. இரண்டாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளின் மருந்து ஒரே பகலில் தண்ணீராகியது. வழக்கு, விசாரணை எல்லாம் முடிந்தபோது புதிய விதி ஒன்று வந்திருந்தது: அவரவர் மருந்து அவரவர் வீட்டில், பொறுப்பும் அவரவருக்கே. யாருடைய மருந்து போனாலும் இனி யாரும் யார்மீதும் வழக்குப் போட முடியாது.

ஹெப்சிபா ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ‘வீட்டு ஃப்ரீசரின் கொள்ளளவு’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு கோடு இருந்தது.

“ஒரு வருசத்து மருந்துக்கு ஏழு லிட்டர் எடம் வேணும். உங்க வீட்டுல எவ்வளவு எடமோ அவ்வளவுதான் குடுப்போம். மிச்சம் இருந்தா அழிச்சிரணும். அது சட்டம்.”

திரும்பி வரும் பஸ்ஸில் சேர்மக்கனி அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். நூறு லிட்டர் என்றால் பதினாலு வருடம், பூவிதாவுக்கு இருபத்திரண்டு வயது. இருநூறு என்றால் முப்பத்தாறு வயது. முந்நூறு என்றால் ஐம்பது. பூவிதா அவள் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

“படுத்த மாடல் பாக்கீங்களா, நிக்கிற மாடல் பாக்கீங்களா?” என்று கடையில் சுடலைமணி மறுபடியும் கேட்டார்.

“படுத்ததுதான். நிக்கிறதுல கதவத் தொறந்தா உள்ள இருக்கிற குளுரு எல்லாம் கொட்டிப் போயிரும்” என்றான் தவசிமுத்து. இதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் உறுதியாக இருந்தது. “குளுந்த காத்து கனம். மேல மூடி இருந்தா, தொறந்தாலும் உள்ளயே கெடக்கும்.”

“அண்ணாச்சிக்கு வெவரம் தெரியுது. இதப் பாருங்க, கண்ணாடி மூடி. தொறக்காமலே உள்ள இருக்கிறது தெரியும்.”

நீளமான வெள்ளைப் பெட்டி, மேலே கண்ணாடி. சேர்மக்கனி ஓர் அடி பின்னால் போனாள்.

“கண்ணாடி வேண்டாம்.”

சாவு வீட்டு வாசலில் வைக்கும் பெட்டி அப்படித்தான் இருக்கும். சுடலைமணிக்குச் சட்டென்று புரிந்தது. பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து அந்தக் கண்ணாடியின் மேல் போட்டுவிட்டு, “கெட்டி மூடி போட்டது உள்ள இருக்கு மதினி, வாங்க” என்று கூட்டிப் போனார்.

உள்ளே நூற்றைம்பது, முந்நூறு, ஐந்நூறு லிட்டர் என்று மூன்று அளவுகளில் இருந்தன. பூவிதா ஒரு ஸ்டூலின் மேல் ஏறி, திறந்திருந்த பெரிய பெட்டிக்குள் தலையை விட்டு “ஓ” என்று கத்தினாள். “எம்மா, உள்ள ஒருத்தி பதில் சொல்லுதா!”

“ஏட்டி, எறங்கு” என்று சேர்மக்கனி அவளைத் தூக்கி இறக்கினாள்.

“முந்நூறு எடுத்துக்கிடுவோம் கனி” என்றான் தவசிமுத்து. “நம்ம வாசல்ல நுழையும். அதுக்குள்ள வேற மருந்து எதாவது வந்துரும்லா.”

“முந்நூறுன்னா அம்பது வயசு.”

“ஆமா, அம்பது.”

“உங்களுக்கு நாப்பத்தாறு ஆகுது. இன்னும் நாலு வருசம் போதும்னு தோணுதா?”

சுடலைமணி வேறு பக்கம் திரும்பி, தூசி இல்லாத ஒரு மூடியைத் துடைத்தார்.

தவசிமுத்துவின் பயம் வேறு. கண்டெய்னர் நின்றால் இறால் போகும், நஷ்டஈடு வரும். இங்கே ஓர் ஆயுள் முழுவதும் ஒற்றைக் கம்ப்ரஸரை நம்பிக் கிடக்கப் போகிறது. பாதிப் பாதியாக இரண்டு பெட்டி வாங்கினால் ஒன்று நின்றாலும் இன்னொன்று ஓடும் என்று அவளுக்கு விளக்கினான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“ரெண்டு வைக்க எடம் எங்க இருக்குங்க? நம்ம வீடு ஒரு ஹாலு, ஒரு ரூமு.”

“ஐந்நூறு வாங்குனா அதுவும் நுழையாது.”

“வாசல இடிப்போம்” என்றாள்.

ஐந்நூறு லிட்டர் என்றால் எழுபத்தொன்பது வயது. அதையே வாங்கினார்கள். கிளம்பும்போது சுடலைமணி, “நல்ல பெட்டி அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார். வேறு எந்தச் சாமானுக்கும் சொல்லுகிற மாதிரி, நல்லா ஓடும் என்றோ ராசியான மாடல் என்றோ சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் கொத்தனார் வந்து வாசல் நிலையைப் பெயர்த்தார். அப்படியும் பெட்டி உள் அறைக்குத் திரும்பவில்லை. குறுக்குச் சுவரில் இரண்டடி இடித்தார்கள். அறையிலிருந்த கட்டிலைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே சாத்திவைத்தார்கள். அந்த இடத்தில் பெட்டி உட்கார்ந்தது. தவசிமுத்துவும் சேர்மக்கனியும் பூவிதாவும் ஹாலில் பாய் விரித்துப் படுக்கப் பழகினார்கள்.

தவசிமுத்துவுக்கு இப்போது செய்ய வேலை இருந்தது. ஒரு தாளை மூடியின் ரப்பருக்கு இடையில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தான். சுற்றிலும் அங்குலம் அங்குலமாக. தாள் எங்கேயும் உருவிக்கொண்டு வரவில்லை. இரண்டு ஸ்டெபிலைசர், பன்னிரண்டு மணி நேரம் தாங்குகிற பேட்டரி, வெப்பம் அரை டிகிரி ஏறினாலும் அவன் போனில் அலறுகிற கருவி. கம்ப்ரஸர் போனால் பெட்டியை அசைக்காமல் வெளியிலிருந்தே மாற்றிவிடலாம் என்பதற்காக இன்னொரு கம்ப்ரஸர் வாங்கிப் பரணில் வைத்தான். துறைமுகத்தில் கூட வேலைபார்ப்பவர்கள் வந்து பார்த்துவிட்டு, ஒரு கப்பலையே ஓட்டலாம் போலிருக்கிறதே என்றார்கள். அவனும் சிரித்தான். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான்.

பூவிதாவின் மஜ்ஜையை எடுத்தார்கள். இரண்டு நாள் குப்புறப் படுத்திருந்தாள். படிவத்தில் ஐந்நூறு என்று எழுதிக் கொடுத்தபோது ஹெப்சிபா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஐந்நூறா? நல்லது சார்” என்றார்.

ஆறு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு மையத்தின் குளிர்வண்டி தெருவுக்குள் வந்தது. தெருவே வெளியில் வந்து நின்றது. எதிர்வீட்டுக்காரர் தன் பைக்கை எடுத்து வழி விட்டார். தடித்த கையுறை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். பால்பண்ணைக் கிரேட் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார்கள். திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கினார்கள். தவசிமுத்து மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது பெட்டியை வைத்ததும் அவர்களில் ஒருவர் கையுறையைக் கழற்றி, கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்.

“மிச்சத்தையும் வச்சிருங்க, ஒட்டுமொத்தமாப் போட்டுருதேன்” என்றான் தவசிமுத்து.

“மிச்சம் இல்ல சார். உங்க பிள்ள பேருக்கு இவ்வளவுதான்.”

“வண்டில இருக்கும். நல்லாப் பாருங்க.”

அவர் வண்டியின் கதவைத் திறந்தே காட்டினார். உள்ளே இருந்த மற்றப் பெட்டிகளில் வேறு பிள்ளைகளின் பெயர்கள் ஒட்டியிருந்தன. தவசிமுத்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தான். பிறகு தாளைப் படித்தான். பொட்டலங்களின் எண்ணிக்கை: 212.

சேர்மக்கனி கணக்குப் போடவில்லை. ஐந்து வருடம் பத்து மாதம் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

தவசிமுத்து ஹெப்சிபாவுக்குப் போன் போட்டான். முதலில் கத்தினான். யாரோ திருடிவிட்டார்கள் என்றான். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“யாரும் எடுக்கல சார். அணு எவ்வளவு தூரம் பெருகுமோ அவ்வளவுதான் வரும். சில பிள்ளைங்களுக்கு அறுபது வருசத்துக்கு வரும். சில பிள்ளைங்களுக்குச் சீக்கிரம் நின்னுரும். நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. வளத்துப் பாத்தாத்தான் தெரியும்.”

“பின்ன எதுக்கு எத்தன லிட்டருன்னு கேட்டீங்க?”

ஹெப்சிபா குரலைத் தாழ்த்தினார்.

“தப்பா நெனக்காதீங்க சார். முதல்ல நாங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டுத்தான் இருந்தோம், எவ்வளவு வரும்னு தெரியாதுன்னு. அந்த ஆறு வாரம் அவங்க பட்ட பாட்ட நான் பாத்திருக்கேன். வேலைக்குப் போகமாட்டாங்க, சோறு இறங்காது. தினமும் மைய வாசல்ல வந்து உக்காந்திருப்பாங்க. லிட்டரக் கேக்க ஆரம்பிச்சப்புறம் அது இல்ல. கடைக்குப் போறாங்க, அளவெடுக்காங்க, அவங்களுக்குள்ள சண்ட போடுதாங்க. எல்லார் கையிலயும் ஒரு வேல இருக்கு.”

“நாங்க சுவர இடிச்சோம் மேடம்.”

“தெரியும் சார். எல்லாரும் எதையாவது இடிக்கத்தான் செய்றாங்க.”

அவனால் அதற்கு மேல் கோபப்பட முடியவில்லை. போனை வைத்தான்.

அன்று சாயங்காலம் இன்னொரு விஷயம் அவனுக்கு உறைத்தது. அவன் தொழில்காரன். காலிப் பெட்டி ஆபத்து. கரண்டு போனால் நிறைந்த பெட்டி இரண்டு நாள் தாங்கும், உள்ளே இருக்கும் உறைந்த சரக்கே ஒன்றுக்கொன்று குளிரைக் காத்துக்கொள்ளும். காலிப் பெட்டி அரை நாளில் சூடாகும். அந்த ஐந்நூறு லிட்டரில் நாற்பத்திரண்டு லிட்டர்தான் நிறைந்திருந்தது. மீதி இடத்தை எதையாவது போட்டு அடைத்தாக வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களாகச் சேகரித்தான். துறைமுக கேண்டீனிலிருந்து, கல்யாண மண்டபத்திலிருந்து, சாக்குச் சாக்காக. சேர்மக்கனி குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கழுவி, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வரை நிரப்பி மூடினாள். பூவிதா அவற்றை உள்ளே எடுத்துக்கொண்டு போய்த் தவசிமுத்துவிடம் கொடுத்தாள். அவளுக்கு மூன்றாவது பொட்டலம் போட்டாகிவிட்டது. இரண்டு கையிலும் இரண்டு பாட்டில்களைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஒன்றுகூட நழுவவில்லை.

“எதுக்கும்மா இவ்வளவு தண்ணி?”

“பெட்டி நிறையணும்லா.”

“நெறஞ்சா?”

“நெறஞ்சா குளுரு நிக்கும்.”

பூவிதாவுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. சேர்மக்கனி நானூற்றுச் சொச்சம் பாட்டில்களை நிரப்பினாள். எத்தனை பாட்டில் சேர்ந்தால் ஒரு வருடம் என்று அவள் மனம் தானாக எண்ணிக்கொண்டே போனது. ஏழு பாட்டிலுக்கு ஒரு முறை கை நின்று, மறுபடியும் ஓடியது.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு திங்கள்கிழமை ஹெப்சிபா போன் பண்ணினார். காயல்பட்டினத்தில் ஒரு குடும்பம். அவர்களுடைய மகள் ஃபஹீமாவுக்கு ஆறு வயது. அணுக்கள் நிற்காமல் பெருகி அறுபது வருடத்துக்கு மருந்து வந்திருக்கிறது. அவர்கள் வாங்கி வைத்திருப்பது நூற்றைம்பது லிட்டர் பெட்டி.

“இருபத்தோரு வருசத்துக்குத்தான் எடம் இருக்கு சார். மிச்சத்த மையத்துல ஏழு நாள்தான் வைக்கலாம். வெள்ளிக்கிழமை அழிச்சிருவாங்க. வேற பெரிய பெட்டிக்கு மின்வாரிய அனுமதி, ஆய்வு எல்லாம் முடிய ஒரு மாசம் ஆகும். ரெண்டு குடும்பமும் எழுதிக் குடுத்தா வேற வீட்டுப் பெட்டியிலயும் வைக்கலாம்னு விதி இருக்கு. பதிவான பெட்டில எடம் இருக்கிறது இந்த மாவட்டத்துலயே உங்க வீட்டுலதான்.”

“ஒரு மாசம் வச்சிருந்து குடுத்தாப் போதுமா?”

“போதாது சார். இந்த மருந்த ஒரு தடவைதான் எடம் மாத்தலாம். உங்க பெட்டில வச்சா, அடுத்து வெளிய எடுக்கிறது ஊசி போடத்தான். கடைசி வரைக்கும் உங்க வீட்டுலதான் இருக்கணும்.”

தவசிமுத்து மனைவியிடம் சொன்னான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“முடியாதுன்னு சொல்லிருங்க.”

“கனி...”

“அந்தப் பிள்ளைக்கு இருபத்தோரு வருசம் இருக்குல்லா? நம்ம பிள்ளைக்கு அதுல மூணுல ஒரு பங்கு இருக்கா? நாந் தெனமும் அந்த ரூமுக்குள்ள போறேன். அந்தப் பெட்டிக்குள்ள வேற பிள்ளையோட வருசமா அடுக்கி வச்சிருக்கிறத எப்படிப் பாக்கச் சொல்லுதீங்க?”

அவள் சொன்னது தப்பு என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஹெப்சிபாவுக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லவும் கை வரவில்லை. செவ்வாய்க்கிழமை அப்படியே போனது.

புதன்கிழமை மூன்று மணிக்கு ஃபஹீமாவின் அம்மாவே வந்தாள். மஹ்மூதா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். உள்ளே வந்ததும் இடிந்த வாசலையும் பூசாத சுவரையும் பார்த்தாள்.

“கையில எதாவது வாங்கிட்டு வரணும்னு நெனச்சேன் அக்கா. அப்புறம், அது லஞ்சம் மாதிரி ஆயிரும்னு விட்டுட்டேன்.”

சேர்மக்கனி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உட்காரச் சொன்னாள். பேச்சைத் தொடங்க உதவவில்லை.

“ஹெப்சிபா மேடம் போகச் சொல்லல. நானாத்தான் அட்ரஸ் வாங்கினேன்” என்றாள் மஹ்மூதா.

“ஏன் சின்னதா வாங்குனீங்க?” சேர்மக்கனியின் குரலில் இரக்கம் இல்லை. “எடம் இல்லையா?”

“எடம் இருந்துச்சு. வீட்டுல பெருசு வாங்கத்தான் சொன்னாங்க. நாந்தான் வேண்டாம்னேன். இருபத்தேழு வயசு வரைக்கும் குடுத்தாப் போதும், அதுக்கு மேல கேக்க வேண்டாம்னு. ரொம்ப ஆசப்பட்டா அதுவும் போயிருமோன்னு பயம்.” அவள் தண்ணீரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள். “இப்ப எம் பிள்ளைக்குக் கெடச்சத நாந்தான் அழிக்கப் போறேன்.”

அந்த நேரத்தில் பூவிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். தெருமுனையிலிருந்தே ஓடிவந்தவள், பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, புதிதாக வந்திருப்பவளைப் பார்த்துச் சிரித்தாள். சமையலறையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் வெளியே ஓடினாள். மஹ்மூதா அவள் கால்களையே பார்த்தாள். அவள் போன பிறகும் வாசலைப் பார்த்தாள்.

“எப்பத்துல இருந்து ஓடுதா?”

“மூணாவது பொட்டலத்துல இருந்து.”

“எங்க பிள்ளைக்கு இனிமேத்தான் முதல் பொட்டலம்.”

பிறகு சேர்மக்கனி கேட்டாள். பல நாளாக மனதுக்குள் வைத்திருந்து, கேட்கப் பயந்த கேள்வி. தவசிமுத்துவிடம்கூட அவள் கேட்டதில்லை.

“ஒரு பிள்ள மருந்து இன்னொரு பிள்ளைக்குச் சேராதாமா?”

“சேராதாம் அக்கா. உடம்பு ஏத்துக்காதாம். ஒரு பொட்டலம் போட்டாலே உசுருக்கு ஆபத்தாம்.” மஹ்மூதா தலையைக் குனிந்துகொண்டாள். “திங்கக்கிழம மேடம் உங்க வீட்டப் பத்திச் சொன்னாங்க. எத்தன வருசம் கெடச்சுதுன்னும் சொன்னாங்க. உடனே டாக்டர்ட்டப் போய்க் கேட்டேன், பாதிப் பாதியாக் குடுக்க முடியுமான்னு. அவர் முடியாதுன்னார். வேற டாக்டர்ட்டயும் கேட்டேன். கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

சேர்மக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த ஒன்றரை மாதத்தில் எத்தனையோ பேர் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் அழவில்லை. இப்போது தோள் குலுங்க அழுதாள். மஹ்மூதா எழுந்து வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை. அழுது முடியும்வரை அப்படியே இருந்தாள்.

“எத்தன லிட்டர் வேணும்?” என்றாள் சேர்மக்கனி கடைசியில்.

“எரநூத்தி எழுவத்தி மூணு.”

“வெள்ளிக்கிழம வரச் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் சேர்மக்கனி பாட்டில்களை வெளியே எடுத்தாள். வேலைக்கு விடுப்புப் போட்டிருந்த தவசிமுத்து, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தைப் பார்த்துக்கொண்டு, திறக்கவும் மூடவும் சொன்னான். உறைந்த பாட்டில்களை வாசலில் வரிசையாக அடுக்கினார்கள். வெயில் ஏற ஏற அவை வியர்த்து, தெருவில் ஈரம் ஓடியது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு போனார்கள்.

குளிர்வண்டி வந்தது. இந்தத் தடவை பதின்மூன்று பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஃபஹீமாவின் பெயர். பூவிதாவின் இரண்டு பெட்டிகளை இடது ஓரத்தில் விட்டு, அவற்றை வலப்பக்கமிருந்து அடுக்கினான் தவசிமுத்து. இன்னும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் இருந்தது. அதைப் பாட்டில்களால் அடைத்தான். தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தான். சரியாக இருந்தது.

ஹெப்சிபாவும் வந்திருந்தார். ஹாலில் பாயில் உட்கார்ந்து ஒரு புதிய படிவத்தை விரித்தார். ஒரு பக்கம் மஹ்மூதா, மறுபக்கம் தவசிமுத்து. பெட்டியின் முகவரி, மின் இணைப்பு எண், பொறுப்பாளர் பெயர். தவசிமுத்து தன் பெயரைச் சொன்னான்.

“பொறுப்பாளர் வயது?”

“நாப்பத்தாறு.”

ஹெப்சிபா எழுதினார். பேனா அடுத்த கட்டத்துக்குப் போய் நின்றது. அவர் நிமிரவில்லை.

“இது அறுபது வருசத்துக்கான ஒப்படைப்பு சார். அதனால உங்களுக்குப் பின்னாடி யார் பொறுப்பு எடுத்துக்குவாங்கன்னு ஒரு பேர் வேணும். பொதுவா... எல்லாரும் அவங்க பிள்ளைங்க பேரத்தான் எழுதுவாங்க. நீங்க வேற யார் பேர வேணும்னாலும் குடுக்கலாம். தம்பி, தங்கச்சி, யாரா இருந்தாலும் சரி.”

உள்ளே கம்ப்ரஸர் ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது. தவசிமுத்துவுக்கு ஒரு தம்பி உண்டு, தூத்துக்குடியிலேயே இருக்கிறான். அவன் பெயரைச் சொல்ல வாய் திறந்தான்.

“பூவிதா” என்றாள் சேர்மக்கனி, சமையலறை வாசலில் நின்றபடி. “பூவிதான்னு எழுதுங்க மேடம்.”

ஹெப்சிபா அவளைப் பார்த்தார். தவசிமுத்துவைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், மறுக்கவில்லை. ஹெப்சிபா அந்தக் கட்டத்தில் பெயரை எழுதினார். பிறந்த தேதியைக் கேட்டு எழுதினார். கீழே கையெழுத்துக்கான கோட்டுக்கு வந்ததும் பேனாவை மூடினார்.

“இந்த எடத்த இப்ப காலியா விடுதேன்மா. பதினெட்டு வயசு ஆகணும். ஆனதும் அவளே மையத்துக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடணும்.”

“வருவா” என்றாள் சேர்மக்கனி.